குளத்துப் பறவைகள் பற்றி ஒரு பாட்காஸ்ட்: யாரையும் தொந்தரவு செய்யாமல் ஆட்களிடம் கொண்டுபோவது எப்படி?

குளத்தங்கரை:

வணக்கம். திருநெல்வேலியைச் சுற்றியுள்ள குளங்களையும் அங்கே வரும் பறவைகளையும் பற்றி நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பாட்காஸ்ட் நடத்துகிறோம். ஒரு நிகழ்ச்சி ஏறக்குறைய இருபது நிமிடம். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுவது பற்றி ஒன்று, ஆறுமணிக்குருவி பற்றி ஒன்று, மடை (தண்ணீர் திறந்துவிடும் வாய்), மறுகால் (நிறைந்தால் மிச்ச நீர் வழியும் இடம்) என்று குளத்தின் அமைப்பைப் பற்றி, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் வயதான நீர்ப்பாய்ச்சி ஒருவர் பேசியது ஒன்று, இப்படிச் சில நிகழ்ச்சிகள் வெளியாகிவிட்டன. கேட்பவர்களில் பெரும்பாலானோர் சொந்தக்காரர்கள். அதிலும் என் மச்சான் கேட்காமலேயே 'சூப்பர்' என்று போடுகிறார். வெளியிட்ட இரண்டாவது நிமிடமே பாராட்டு வந்தால் வேறு என்ன நினைப்பது?

ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். ஆட்களிடம் கொண்டுபோவதில்தான் எனக்கும் நண்பருக்கும் ஒத்துவரவில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு எங்களோடு வந்தவர்களின் கைபேசி எண்கள் அவரிடம் ஒரு எக்செல் கோப்பில் இருக்கின்றன. முந்நூறு தேறும். அத்தனை பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடலாம் என்கிறார். முகநூலில் இருக்கும் எல்லாப் பறவைக் குழுக்களிலும் இணைப்பைப் போட வேண்டும், ஒவ்வொரு பதிவிலும் தெரிந்தவர்களை எல்லாம் டேக் செய்ய வேண்டும், இன்ஸ்டாகிராமில் தினமும் ஒரு ரீல்ஸ் போட வேண்டும் என்பதும் அவர் யோசனைதான்.

எனக்கு என்னவோ கூச்சமாக இருக்கிறது. நாளுக்கு நாற்பது 'காலை வணக்கம்' வந்து விழும் கைபேசியில் நாமும் போய் இடிக்க வேண்டுமா? ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தால் மச்சான் மட்டும்தான் மிச்சம். பாட்காஸ்ட் நடத்தி அனுபவம் உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

முத்துநகர்:

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? குழுவில் சேர்த்துவிடுங்கள். வேண்டாதவர்கள் தாங்களே வெளியேறிவிடுவார்கள். நான் உப்பள வேலை பற்றி வீடியோ போட்டபோது அப்படித்தான் செய்தேன். கொஞ்சம் பேர் போனார்கள், கொஞ்சம் பேர் திட்டினார்கள், மிச்சம் பேர் பார்த்தார்கள். கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால் நல்ல விஷயம் நாலு பேருக்குப் போகாது. சினிமாக்காரன் யாரிடமும் அனுமதி கேட்டா நம் போனுக்குள் வருகிறான்?

ரேடியோ_அக்கா:

சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரித்தவள் நான். இப்போது வீட்டிலிருந்தே சில பாட்காஸ்ட்களுக்கு எடிட்டிங் செய்துகொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, முதலில் அந்த எக்செல் கோப்பை உங்கள் நண்பரை மூடச் சொல்லுங்கள். எந்தக் கரையில் கூடுவது, வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் எண்ணைக் கொடுத்தார்கள். அதை வேறு காரியத்துக்கு எடுப்பது, கல்யாண வீட்டு மொய் நோட்டிலிருந்து முகவரிகளை எடுத்துச் சீட்டுக் கம்பெனிக்குக் கொடுப்பது மாதிரி. முத்துநகர் அண்ணாச்சி சொல்வதுபோல் வேண்டாதவர் வெளியேறலாம்தான். ஆனால் குழுவில் சேர்த்த நொடியிலேயே ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கணக்கெடுப்புக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணின் எண்ணை முன்பின் தெரியாத முந்நூறு பேர் கையில் கொடுக்க நாம் யார்? அவள் வெளியேறினாலும் போன எண் போனதுதான். சினிமாக்காரன் கேட்காமல் வருகிறான் என்றால், அவன் வரும்போது நீங்களும் நானும் எரிச்சலோடு தள்ளிவிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அண்ணாச்சி.

குழுவை விட்டால் வாட்ஸ்அப்பில் இன்னும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. முக்கியமான விஷயம், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இதை ஒரு குறை என்று பலர் புலம்புவார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். வேண்டும் என்று நினைத்துச் சேமித்தவருக்குப் போகிறது, மற்றவர் நிம்மதியாக இருக்கிறார்.

ஆகவே அடுத்த கணக்கெடுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது வாயால் சொல்லுங்கள். "இப்படி ஒரு பாட்காஸ்ட் செய்கிறோம். நிகழ்ச்சி வரும்போது தகவல் வேண்டும் என்றால் இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டு 'குளம்' என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று அனுப்பலாம்." முந்நூறில் முப்பது பேர் அனுப்பினால் சந்தோஷப்படுங்கள். அந்த முப்பது பேரும் கேட்பார்கள். ஒருவர் 'நிறுத்து' என்றால் ஏன், எதற்கு என்று கேட்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். அங்கே மனத்தாங்கல் வந்தால் பாட்காஸ்ட் நடத்த முடியாது.

இன்னொன்று சேனல். இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்தது. பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது, உங்கள் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது. முகம் தெரியாதவர்களுக்கு இதுதான் நல்லது. ஒரு குறை, அது 'அப்டேட்ஸ்' பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால் பலர் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். தெரிந்தவர்களுக்கு லிஸ்ட், தெரியாதவர்களுக்கு சேனல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிக்கு ஒரு செய்தி போதும். நினைவூட்டல், 'கேட்டீர்களா?', 'பிடித்திருந்தால் பத்து பேருக்கு அனுப்பவும்' எதுவும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பாதீர்கள். செய்தியிலேயே விஷயம் இருக்கட்டும். உதாரணத்துக்கு இப்படி: "இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து கூந்தன்குளத்தில் என்ன தின்கிறது? 19 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் கரையோர விவசாயி ஒருவரின் பேச்சு." கீழே இணைப்பு, அவ்வளவுதான். எத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுவது ஒரு மரியாதை. பஸ்ஸில் கேட்கலாமா, சமையலின்போது கேட்கலாமா என்று அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். 'அதிர்ச்சி', 'தவறவிடாதீர்கள்' என்று தலைப்பு வைத்தால் அடுத்த வாரம் இதே நாரை அவர்களை எப்படி அதிரவைக்கும்?

அப்புறம், எம்பி3 கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆசை வரும். இருபது நிமிடப் பேச்சு மோனோவில் 64 கேபிபிஎஸ் வைத்தால் பத்து எம்பிகூட வராது, சுலபம்தானே என்று தோன்றும். வேண்டாம். இணைப்பு கொடுத்தால், பிறகு ஏதாவது தப்பு தெரியவந்தால் ஹோஸ்டிங்கில், அதாவது ஒலிக்கோப்பை ஏற்றி வைத்திருக்கும் தளத்தில், கோப்பை மாற்றிவிடலாம், அதன் பிறகு கேட்பவர்களுக்குத் திருத்தியது போகும். ஃபார்வர்டு ஆன கோப்பை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. உங்கள் நிகழ்ச்சியில் நிஜ மனிதர்கள் பேசுகிறார்கள், கூடு இருக்கும் இடங்கள் வருகின்றன. அதனால் இது முக்கியம்.

முகநூல் குழுக்கள். நுழைந்ததும் இணைப்பைப் போட்டுவிட்டுப் போகிறவரை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'அருமையான படம் சார், நம்ம பாட்காஸ்ட்டையும் கேளுங்க' என்று அடுத்தவர் பதிவின் கீழ் எழுதுபவரைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். ஒருவர் 'இது என்ன பறவை?' என்று கேட்டால் 'நத்தைகுத்தி நாரை, அலகின் நடுவில் இடைவெளி தெரிகிறது பாருங்கள்' என்று பதில் சொல்லுங்கள். இணைப்பு கொடுக்காதீர்கள். நாலு தடவை இப்படிப் பதில் சொன்னால் உங்கள் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். அங்கே பாட்காஸ்ட் முகவரி இருந்தால் போதும். சொந்தப் பதிவு போடுவதானால் குழு விதியைப் படித்துவிட்டு, நிகழ்ச்சியின் சாரத்தை நாலு பத்தியாக எழுதி, கடைசியில் ஒரு வரி இணைப்பு. கேட்காமல் போகிறவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

டேக் செய்வது நிகழ்ச்சியில் பேசியவரை மட்டும், அதுவும் அவரிடம் கேட்டுவிட்டு. மற்றவரை டேக் செய்வது என்பது அவருடைய நண்பர்களிடமும் அவர் பெயரால் விளம்பரம் செய்வது.

தினம் ஒரு ரீல்ஸ் என்பது உங்களையே தின்றுவிடும். நிகழ்ச்சிக்கு ஒன்று வெட்டுங்கள், நாற்பது விநாடிக்கு. எழுத்தை நீங்களே அடித்துப் போடுங்கள். தானியங்கி வசனம் 'கூழைக்கடா'வை என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும், காது கேளாதவருக்கு அது சிரிப்பு இல்லை.

ஒரு செயலியை மட்டும் நம்பி ஆட்களைச் சேர்க்காதீர்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸை 2024-ல் மூடியபோது, 'அதில் கேளுங்கள்' என்று மட்டும் சொல்லிவந்தவர்கள் கேட்பவர்களை வேறு செயலிக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஆர்எஸ்எஸ் ஓடை (எல்லாச் செயலிகளும் உங்கள் நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்ளும் முகவரி) உங்கள் கையில் இருக்கட்டும், நிகழ்ச்சிகள் அடுக்கிய ஒரு எளிய பக்கம் இருக்கட்டும். நம் ஊரில் பாதிப் பேருக்குப் பாட்காஸ்ட் என்றாலே யூடியூப்தான், ஆகவே அங்கேயும் ஏற்றுங்கள். விவரப் பகுதியில் 00:00-ல் தொடங்கி நேரக் குறிப்பு எழுதினால் வேண்டிய இடத்துக்குத் தாவிப் போக வசதி.

எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் மிரள வேண்டாம். ஐஏபி என்ற அமைப்பின் வரையறைப்படி கணக்கிடும் ஹோஸ்டிங்கில், ஒரு நிமிட அளவு ஒலியாவது இறங்கினால்தான் ஒரு டவுன்லோடு. ஒரே கருவி 24 மணி நேரத்துக்குள் பல தடவை எடுத்தாலும் ஒன்றுதான். முகநூலில் விரல் நகர்ந்த வேகத்தில் சேரும் 'வியூ'வோடு இதை ஒப்பிடக் கூடாது. உங்கள் மச்சான் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

வெண்கோல்:

எனக்குப் பார்வை கிடையாது. பள்ளி ஆசிரியர். பாட்காஸ்ட் நிறைய கேட்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

நிகழ்ச்சித் தகவல் முழுவதையும் ஒரு படத்தில் வண்ண எழுத்தில் அடித்து அனுப்பும் பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் என் போனின் டாக்பேக் அதை 'படம்' என்று மட்டும் சொல்லும். என்ன நிகழ்ச்சி, எப்போது, எங்கே கேட்பது, ஒன்றும் தெரியாது. படம் போடுங்கள், அதே விஷயத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் படத்துக்கு மாற்று உரை எழுத இடம் இருக்கிறது. 'பறவை' என்று எழுதாமல் 'கருவேல மரத்தில் மூன்று மஞ்சள் மூக்கு நாரைகள், ஒன்று சுள்ளியோடு இறங்குகிறது' என்று எழுதினால் நானும் படம் பார்த்தமாதிரி. வரிக்கு வரி எமோஜி போடாதீர்கள். ஒவ்வொன்றையும் அது பெயர் சொல்லி வாசிக்கும். 'கைதட்டும் கைகள் கைதட்டும் கைகள் கைதட்டும் கைகள்' என்று கேட்டு முடிப்பதற்குள் பஸ் நிறுத்தம் வந்துவிடும்.

இன்னொன்று ஒலி அளவு. மெல்லப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று பறவை அலறலை முழு ஒலியில் விடாதீர்கள். ஹெட்போனில் காது அடைத்துவிடும்.

குளத்தங்கரை:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, குழு யோசனையை நண்பர் கைவிட்டுவிட்டார். கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான்.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, ஆந்தைகள் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாராக இருக்கிறது. ஒரு குளக்கரையில் பட்டுப்போன பனையில் கூகை கூடு வைத்திருக்கிறது. ஊர் பெயரைச் சொன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள் என்பது நண்பர் வாதம். இரண்டு, பறவைக் குரலை இணையத்திலிருந்து எடுத்துச் சேர்க்கலாமா? மூன்று, நீர்ப்பாய்ச்சித் தாத்தா பேச்சின் இரண்டாம் பகுதியில், மீன் ஏலம் எடுத்தவருக்காக மடையை அடைத்த கதையை ஆள் பெயரோடு சொல்கிறார். மிகவும் சுவையான பகுதி. ரீல்ஸுக்கு அதைத்தான் வெட்டலாம் என்று இருந்தோம்.

ரேடியோ_அக்கா:

கூகையின் இடத்தைச் சொல்லவே கூடாது. ஊர் பெயர் மட்டும் இல்லை, 'மறுகாலுக்குத் தெற்கே பட்ட பனை' என்றாலும் உள்ளூர்க்காரனுக்குப் புரிந்துவிடும். ஆந்தை அபசகுனம் என்று கல்லெறிபவர்களும் உண்டு, தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்களும் நாட்டில் பல இடங்களில் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. சட்டம் அந்தப் பனைக்கு அடியில் காவல் நிற்காது. அவர்களை விடுங்கள், நல்லெண்ணத்தோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் இருபது பேரே அந்தக் கூட்டுக்குப் போதும். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் இ-பேர்ட் தளத்தில்கூட ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தை எல்லோருக்கும் காட்டுவதில்லை. 'மாவட்டத்தில் ஒரு குளக்கரை' என்று சொன்னால் நிகழ்ச்சியில் எதுவும் குறையாது. கூந்தன்குளம் வேறு விஷயம், அது 1994-லிருந்து சரணாலயம். காவலும் இருக்கிறது, பறவைக்காகப் பட்டாசைக் குறைத்துக்கொள்ளும் ஊரும் இருக்கிறது. அங்கே பெயர் சொல்லலாம்.

படத்திலும் கவனம். போனில் இருப்பிடப் பதிவு திறந்திருந்தால் படத்துக்குள்ளேயே இடம் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். தெளிவாக இருக்கட்டும் என்று பலர் டாக்குமென்டாகத்தான் அனுப்புகிறார்கள்.

பறவைக் குரலுக்கு ஜெனோ-கான்டோ தளத்தைப் பாருங்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆர்வலர்கள் பதிவுசெய்து 2005 முதல் சேர்த்துவருவது. எல்லாமே இலவசமாகக் கேட்கலாம், ஆனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பதிவிலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கும். அதில் 'என்டி' என்று இருந்தால் வெட்டிக் கலந்து உங்கள் நிகழ்ச்சியில் சேர்க்க அனுமதி இல்லை. 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது, நாளைக்கு நீங்கள் விளம்பரம் சேர்த்தால் அது சிக்கல். எடுத்தால் பதிவுசெய்தவர் பெயரையும் பதிவு எண்ணையும் விவரப் பகுதியில் எழுதுங்கள். சினிமாப் பாட்டு பக்கமே போகாதீர்கள். 'முப்பது விநாடிக்குள் போட்டால் ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்பது டீக்கடைச் சட்டம், அப்படி ஒரு விதி கிடையாது.

குரலைத் தனியாக முழுசாக ஓடவிடாதீர்கள். உங்கள் பேச்சுக்கு அடியில் வந்து போகட்டும். ஆறுமணிக்குருவி வடக்கே மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு அலுத்துக் களைத்து நம் பக்கம் வருகிறது. அந்த நேரத்தில் தோட்டத்தில் நின்று ஸ்பீக்கரில் அதன் குரலைப் போட்டு வெளியே இழுத்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. குரல் எங்கே தேடினாலும் கிடைக்கும்தான், நம்மால் அதைத் தடுக்க முடியாது. ஆனாலும் சுத்தமாக வெட்டிக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. வெண்கோல் சார் சொன்ன ஒலி அளவுக்கு, ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' இருக்கிறது. ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16, மோனோவுக்கு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (ஒலி அளவின் அலகு) வையுங்கள். அது மொத்த அளவை மட்டும்தான் சரிசெய்யும், அலறும் இடத்தை நீங்களே கையால் இறக்க வேண்டும்.

தாத்தா விஷயம்தான் மூன்றில் பெரியது. மைக் முன்னால் பேச ஒத்துக்கொண்டார் என்றால் ரீல்ஸுக்கும் ஒத்துக்கொண்டார் என்று ஆகாது. கரையில் உட்கார்ந்து இரண்டு பேரிடம் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு இருந்திருக்கும். ஏலம் எடுத்தவர் வீடு அதே ஊரில் இருக்கும், தண்ணீர் பங்கிடும் வேலையில் தாத்தா தினமும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். வெட்டிய பகுதியை நேரில் கொண்டுபோய்ப் போட்டுக்காட்டுங்கள். வீட்டில் மகனோ மருமகளோ கூட இருக்கும்போது. 'இது ஊர் முழுக்கப் போனில் வரும், முன்னாலும் பின்னாலும் இல்லாமல் இந்த நாற்பது விநாடி மட்டும் வரும்' என்று விளக்கிச் சொல்லுங்கள். அவர் சரி என்றாலும் அடுத்தவர் பெயரை எடுத்துவிடுங்கள். குற்றச்சாட்டு என்றால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும், அது வேறு நிகழ்ச்சி, உங்களால் தாங்க முடியுமா என்று யோசித்துச் செய்யுங்கள். பெயர் இல்லாமலே 'மடையை யார் திறப்பது' என்பது அருமையான பேச்சுதான்.

முத்துநகர்:

சரி, குழு விஷயத்தில் நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது பேருக்காக யார் இவ்வளவு மெனக்கெடுவது? ஆனால் ஒன்று கேட்கிறேன். குளத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், குளத்தில் இறங்கும் ஆட்கள் கேட்கிறார்களா? அவர்கள் இன்ஸ்டாகிராமிலும் இல்லை, முகநூல் பறவைக் குழுவிலும் இல்லை. அந்த ஊர் டீக்கடையில், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு கியூஆர் கோடு ஒட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் போய் ஒரு நிகழ்ச்சியைப் போட்டுக்காட்டுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும்.

குளத்தங்கரை:

அண்ணாச்சி, அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தாத்தா ஊரிலேயே டீக்கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போட்டுக்காட்டப் போகும்போது கேட்டுப் பார்க்கிறோம். கூகை நிகழ்ச்சியில் ஊர் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது, அதோடு நண்பர் பின்னணியில் யாரோ ஒருவரிடம் வழி கேட்பதும் பதிவாகியிருக்கிறது. மூன்றையும் வெட்டிவிட்டுத்தான் வெளியிடுவோம்.